பல்லுறுப்புக் கோவை வகுத்தலும் பழைய நீள் வகுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் வட்டாரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்திவருகிறேன். இயற்கணிதப் பாடம் தொடங்கிய வாரத்திலிருந்து காலாண்டுத் தேர்வு வரை, வகுப்பு முடிந்து சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் பிள்ளைகளும், பெற்றோர் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு வரும் தாய்தந்தையரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘ம’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன்?

மாறி என்னும் சொல்லின் முதலெழுத்து என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பாடநூலில் எக்ஸ் என்று இருப்பதுதான் இங்கே ம. எக்ஸை வைத்து மளமளவென்று கணக்குப் போடும் மாணவர், அதே கணக்கில் டி அல்லது இசட் வந்துவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாறிக்கு எந்த எழுத்தையும் வைக்கலாம் என்பது கைக்குப் பழக வேண்டும். அதற்காகவே வகுப்பிலும் வாரத்தில் ஒரு நாள் கரும்பலகையில் தமிழெழுத்தையே மாறியாக வைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் வகுப்பில் படித்த வகுத்தலுக்கும் பல்லுறுப்புக் கோவை வகுத்தலுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

தொடர்பு என்று சொல்வதே குறைவு. இரண்டும் ஒரே கணக்கு. 2756ஐ 13ஆல் வகுத்துப் பார்ப்போம். இருபத்தேழில் பதின்மூன்று இரண்டு தடவை போகும். இருபத்தாறைக் கழித்தால் 1. ஐந்தை இறக்கினால் 15, அதில் ஒரு தடவை போகும், கழித்தால் 2. ஆறை இறக்கினால் 26. அதில் இரண்டு தடவை சரியாகப் போகும். ஈவு 212, மீதி 0.

இனி அந்த எண்ணைப் பிரித்து எழுதுவோம். 2756 என்பது இரண்டு ஆயிரம், ஏழு நூறு, ஐந்து பத்து, ஆறு ஒன்று. பத்து இருக்கும் இடத்தில் ம என்று எழுதினால் நூறு ம² ஆகவும் ஆயிரம் ம³ ஆகவும் மாறி, 2756 என்பது 2ம³ + 7ம² + 5ம + 6 என்றும், 13 என்பது ம + 3 என்றும் ஆகிவிடுகின்றன. இப்படி மாறியின் அடுக்குகளைச் சேர்த்து எழுதுவதுதான் பல்லுறுப்புக் கோவை. இப்போது வகுக்கலாம்.

2ம³ ÷ ம = 2ம²
2ம² × (ம + 3) = 2ம³ + 6ம²; கழித்தால் மிஞ்சுவது ம²
5ம இறக்கினால் ம² + 5ம
ம² ÷ ம = ம
ம × (ம + 3) = ம² + 3ம; கழித்தால் மிஞ்சுவது 2ம
6 இறக்கினால் 2ம + 6
2ம ÷ ம = 2
2 × (ம + 3) = 2ம + 6; மீதி 0

ஈவு 2ம² + ம + 2. அதன் கெழுக்கள், அதாவது மாறியோடு பெருக்கலாக நிற்கும் எண்களும் கடைசித் தனி எண்ணும், 2, 1, 2. எண்ணில் கிடைத்த ஈவோ 212. நடுவில் கழித்துக் கிடைத்த 1, 2 என்னும் மிச்சங்களும் கோவையில் ம², 2ம என்று அதே வரிசையில் வந்திருக்கின்றன. வகுத்தல், பெருக்கல், கழித்தல், இறக்குதல் என்னும் நான்கு வேலைகளும் இரண்டிலும் ஒன்றே.

ஒரு வேறுபாடு உண்டு. அது மாணவருக்குச் சாதகமானது. எண்களை வகுக்கும்போது ஊகிக்க வேண்டியிருக்கிறது. 250இல் 36 எத்தனை தடவை என்றால், ஏழு என்று தொடங்கி, 252 வந்து இடிக்கவே அழித்துவிட்டு ஆறு என்று எழுதுகிறோம். கோவையில் இந்த அழிப்பே கிடையாது. வகுக்கும் கோவையின் தலை உறுப்பை மட்டும் பார்த்து வகுத்தால் போதும். கடன் வாங்குவதோ, அடுத்த இடத்துக்கு ஏற்றுவதோ இல்லை. கெழு குறை எண்ணாக வந்தாலும் பின்னமாக வந்தாலும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். ஆகவே பல்லுறுப்புக் கோவை வகுத்தல் எண் வகுத்தலைவிட எளிது என்று நான் துணிந்து சொல்வேன். பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை; நாலு கணக்குப் போட்ட பிறகு நம்புகிறார்கள்.

நடுவில் ஓர் உறுப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகமாக மதிப்பெண் இழக்கிறார்கள். எண்ணிலிருந்தே தொடங்குவோம். சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போட 7524 ரூபாய் செலவு, தெருவில் 36 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 75இல் 36 இரண்டு தடவை, மிச்சம் 3. இரண்டை இறக்கினால் 32. அதில் 36 போகாது. இங்கே ஈவில் பூச்சியம் எழுதிவிட்டு நான்கை இறக்க வேண்டும். 324இல் ஒன்பது தடவை போகும். வீட்டுக்கு 209 ரூபாய். பூச்சியத்தை மறந்தவர் வீட்டுக்கு 29 ரூபாய் என்பார். முப்பத்தாறு வீட்டிலும் வசூலித்தால் சேருவது 1044 ரூபாய். பந்தல்காலுக்கே காணாது.

கோவையில் இதே பிழை வகுபடும் கோவையை எழுதும்போதே நிகழ்கிறது. ம³ − 7ம + 6 என்பதை ம − 2 ஆல் வகுக்கச் சொன்னால், ம² உறுப்பு அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குரிய இடம் இருக்கிறது. ஆகவே ம³ + 0ம² − 7ம + 6 என்று எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் ஏறுபவர்கள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஆள் இன்னும் ஏறாவிட்டாலும் அந்த இருக்கை அவருடையது, வேறு யாரும் உட்காரக் கூடாது. 0ம² என்பது அந்தத் துண்டு. துண்டு போட்டு வகுத்தால் ஈவு ம² + 2ம − 3, மீதி 0. போடாமல் கெழுக்களை 1, −7, 6 என்று மட்டும் வரிசைப்படுத்தினால் ஈவு ம − 5 என்றும் மீதி −4 என்றும் வந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தத் தவற்றை நானே கரும்பலகையில் செய்தேன். அவசரத்தில் பூச்சியத்தை விட்டுவிட்டு முழுக் கணக்கையும் முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “சார், மூன்றாம் படியை ஒன்றாம் படியால் வகுத்தால் இரண்டாம் படிதானே வரணும், ஒன்றாம் படி வந்திருக்கே?” என்று கேட்டார். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஒரு கோவையின் படி என்பது அதில் மாறிக்கு வரும் மிகப் பெரிய அடுக்கு. ஈவின் படி என்பது வகுபடும் கோவையின் படியிலிருந்து வகுக்கும் கோவையின் படியைக் கழித்துக் கிடைப்பது. விடையைச் சரிபார்க்கும் முன் இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டாலே விடுபட்ட பூச்சியம் பிடிபட்டுவிடும்.

முறை தெரிகிறது, ஆனாலும் விடை தப்பாகவே வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் கழித்தலில். 3ம² − 5ம − 2 என்பதை ம − 2 ஆல் வகுக்கிறோம். ஈவின் முதல் உறுப்பு 3ம; பெருக்கினால் 3ம² − 6ம. அதை மேலே உள்ள 3ம² − 5ம இலிருந்து கழிக்க வேண்டும். −5ம இலிருந்து −6ம ஐக் கழித்தால் ம. ஆனால் நான் திருத்தும் தாள்களில் −11ம என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு குறைகளைச் சேர்த்துப் பார்த்த கண், கழித்தலையே மறந்துவிடுகிறது.

இதற்கு வைத்தியம் பழையதுதான். பெருக்கி எழுதிய வரிக்குக் கீழே ஒவ்வோர் உறுப்புக்கும் குறியை மாற்றிப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு கூட்டிவிட வேண்டும். 3ம² இன் கீழே கழித்தல் குறி, −6ம இன் கீழே கூட்டல் குறி. எல்லா உறுப்புகளுக்கும் மாற்ற வேண்டும்; முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது அடுத்த பெரிய தவறு. மேலே சொன்ன கணக்கில் சரியாகச் செய்தால் ஈவு 3ம + 1, மீதி 0. மனக்கணக்கில் வல்லவர்கள் இந்தப் பென்சில் குறியை அவமானமாக நினைக்கிறார்கள். அவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

வகுத்தலை எந்த இடத்தில் நிறுத்துவது?

மிஞ்சியிருப்பதன் படி, வகுக்கும் கோவையின் படியைவிடக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ம² + 1 ஆல் வகுக்கும்போது 4ம − 7 மிஞ்சினால் அதுவே மீதி. மீதி என்றால் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒன்றாம் படிக் கோவைகளால் மட்டுமே வகுத்துப் பழகியதால் வந்த எண்ணம்.

தொகுமுறை வகுத்தல் இருக்கும்போது நீள் வகுத்தல் எதற்கு?

தொகுமுறை வகுத்தல் என்பது நீள் வகுத்தலிலிருந்து மாறியை உரித்துவிட்டுக் கெழுக்களை மட்டும் வைத்துக்கொள்ளும் சுருக்கம். கெழுக்களை மட்டும் கட்டங்களில் வரிசைப்படுத்திப் பல்லுறுப்புக் கோவைகளை வகுக்கும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தைச் சேர்ந்த அல்-சமவாலிடமே இருந்திருக்கிறது. ஆனால் நம் பாடநூலில் உள்ள தொகுமுறை ஒன்றாம் படிக் கோவையால் வகுப்பதற்கு மட்டுமே. ம² + 1 ஆல் வகுக்கச் சொன்னால் நீள் வகுத்தலுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. 2ம³ + 5ம² + 5ம + 1 என்பதை 2ம − 1 ஆல் வகுக்க வேண்டும் என்று கொள்வோம். 2ம − 1 பூச்சியமாகும் மதிப்பு 1/2. அதை இடப்பக்கம் எழுதிக் கெழுக்களான 2, 5, 5, 1 என்பவற்றோடு தொடங்கி, வரும் ஒவ்வோர் எண்ணையும் 1/2ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டிக்கொண்டே போனால், 2; 5 + 1 = 6; 5 + 3 = 8; 1 + 4 = 5 என்று வருகிறது. இங்கேயே நிறுத்தி ஈவு 2ம² + 6ம + 8 என்று எழுதிவிட்டால் தவறு. நாம் உண்மையில் வகுத்தது ம − 1/2 ஆல். கேட்டதோ அதன் இரு மடங்கான 2ம − 1 ஆல். வகுக்கும் கோவை இரு மடங்கானால் ஈவு பாதியாகும். ஆகவே ஈவு ம² + 3ம + 4. மீதியான 5ஐப் பாதியாக்கக் கூடாது. அதில் வகுக்கும் கோவை பெருக்கலாகச் சேர்ந்திருக்கவில்லை. ஈவை மட்டும் 2ஆல் வகு, மீதியைத் தொடாதே என்று மனப்பாடம் செய்பவர்கள் தேர்வறையில் தலைகீழாக நினைவுகொள்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் அப்படிக் குழம்புவதில்லை.

வகுக்காமலே மீதி தெரியும் என்கிறதே மீதித் தேற்றம், அது எப்படி?

வகுபடும் கோவை = வகுக்கும் கோவை × ஈவு + மீதி. வகுக்கும் கோவை ம − க என்றால், ம இருக்கும் இடத்தில் க இட்டதும் அது பூச்சியமாகிவிடும். ஈவு எதுவாக இருந்தாலும் பூச்சியத்தால் பெருக்கப்பட்டு மறைந்துவிடும். எஞ்சுவது மீதி மட்டுமே. முதலில் வகுத்த 2ம³ + 7ம² + 5ம + 6 இல் ம = −3 என்று இட்டால் −54 + 63 − 15 + 6 = 0. மீதி 0 என்பதால் ம + 3 அதன் காரணி. இதுதான் காரணித் தேற்றம். ஈவும் வேண்டுமென்றால் இந்தத் தேற்றம் உதவாது, வகுத்துத்தான் ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் வர்க்கமூலத்துக்கும் நீள் வகுத்தல் வருகிறதே, அது ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது?

ஈவை இரட்டிப்பதும், ஒவ்வொரு கட்டத்திலும் வகுக்கும் கோவையே மாறுவதும் விசித்திரமாகத் தோன்றுவது உண்மை. எல்லாம் ஒரே முற்றொருமையிலிருந்து, அதாவது எந்த மதிப்புக்கும் பொருந்தும் சமன்பாட்டிலிருந்து, வருகின்றன. (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ². இதை அ² + (2அ + ஆ)ஆ என்று எழுதிப் பாருங்கள். மூலத்தின் முதல் பகுதியாகிய அ கிடைத்து, அ² ஐக் கழித்தாயிற்று என்றால், மிஞ்சியிருப்பது (2அ + ஆ)ஆ. அதில் தலையாக இருப்பது 2அ × ஆ. ஆகவே 2அ ஆல் வகுத்தால் ஆ கிடைக்கும். கிடைத்த ஆ ஐ 2அ உடன் சேர்த்து, அதே ஆ ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். இரட்டிப்பது அங்கிருந்து வருகிறது.

9ம⁴ + 12ம³ − 26ம² − 20ம + 25 என்பதற்கு மூலம் காண்போம். 9ம⁴ இன் மூலம் 3ம². அதன் வர்க்கத்தைக் கழித்துவிட்டு அடுத்த இரண்டு உறுப்புகளை இறக்கினால் 12ம³ − 26ம². 3ம² ஐ இரட்டித்தால் 6ம². 12ம³ ÷ 6ம² = 2ம. ஆகவே (6ம² + 2ம) × 2ம = 12ம³ + 4ம². கழித்தால் −30ம², மிச்சமுள்ள இரண்டையும் இறக்கினால் −30ம² − 20ம + 25. இதுவரை கிடைத்த மூலம் 3ம² + 2ம. அதை இரட்டித்தால் 6ம² + 4ம. −30ம² ÷ 6ம² = −5. (6ம² + 4ம − 5) × (−5) = −30ம² − 20ம + 25. கழித்தால் 0. விடை |3ம² + 2ம − 5|. இரு பக்கமும் நிற்கும் கோடுகளாகிய மட்டுக் குறியை விட்டுவிட வேண்டாம்; வர்க்கமூலம் குறை எண்ணாகாது என்பதைச் சொல்வது அதுதான்.

எண்களுக்கு இதே வழி, அதாவது கிடைத்த மூலத்தின் இரு மடங்கால் வகுத்துக்கொண்டே போவது, 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில் ஒரே செய்யுளில் சொல்லப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கும் இதுவே. கடைசி இரு கெழுக்களைத் தராமல் கோவை முழு வர்க்கம் என்று மட்டும் சொல்லி அவற்றைக் கண்டுபிடிக்கக் கேட்டாலும் வேலை ஒன்றுதான். இறுதியில் மீதி பூச்சியமாக வேண்டும் என்பதை வைத்து அவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

என் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. வாய்ப்பாடே சரியாகத் தெரியவில்லை. இனிமேல் முடியுமா?

முடியும். பிள்ளையைத் திட்டும் முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஈரிலக்க எண்ணால் வகுக்கப் பழகும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் 2020–21இல் இருந்தவர்கள், 2025–26இல் ஒன்பதிலும் பத்திலும் வந்து உட்கார்ந்தார்கள். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த ஓராண்டு ஏழு மாதமும் வகுத்தல் அடைப்பையே பார்த்திருக்க மாட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தாய், “என் மகன் மக்கு சார்” என்று அவன் எதிரிலேயே சொன்னார். அந்த மகனுக்கு ஈவில் பூச்சியம் எங்கே போடுவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்வது இது. முதல் வாரம் இயற்கணிதத்தைத் தொடுவதில்லை. நாளைக்கு மூன்று எண் வகுத்தல். அவற்றில் ஒன்றிலாவது ஈவின் நடுவில் பூச்சியம் வர வேண்டும். 13, 17 போன்ற எண்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை மடங்குகளைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள விடுகிறேன்; வாய்ப்பாடு தெரியாமை வகுத்தலைத் தடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் அதே எண்களை மாறியில் எழுதி, பக்கத்தில் பக்கமாக வகுக்கிறோம். கோவைக் கணக்குகளில் கெழுக்கள் பெரும்பாலும் சிறிய எண்களாகவே இருப்பதால், பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் அங்கே தாராளம்.

கைடில் உள்ளதை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி பெற்றுவிட மாட்டார்களா?

பெறக்கூடும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10, வடிவியலும் வரைபடமுமாக எட்டு மதிப்பெண்ணுக்கு 2, ஆக 100. தேர்ச்சிக்கு 35 போதும். ஆனால் வகுத்தலை மனப்பாடம் செய்தவர், ஒரு கெழு மாறினால் முழுக் கணக்கையும் இழக்கிறார். மாறாமலே வந்தாலும் இடையில் ஒரு வரி மறந்தால் அதற்கு மேல் நகர முடிவதில்லை.

இந்தக் கணக்கு வாழ்க்கையில் எங்கே உதவும்?

மாதச் சம்பளத்தைப் பிரிக்க உதவாது. அப்படிச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் ஜிகர்தண்டாக் கடையில் பணம் செலுத்த ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் பாருங்கள். ஈரக்கை பட்டு மூலையில் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய அந்தக் குறியீட்டில், சொல்ல வேண்டிய செய்தியை ஒரு பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களாக வைத்து, குறிப்பிட்ட இன்னொரு கோவையால் வகுத்து, வந்த மீதியின் கெழுக்களையும் செய்தியோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். சில கட்டங்கள் அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அழிந்ததை மீட்க முடிவது அந்த மீதியால்தான். உயர்ந்த நிலையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை தாங்கும். அங்கே கெழுக்களைக் கூட்டும் விதியும் பெருக்கும் விதியும் வேறு, 256 எண்களுக்குள்ளேயே சுழல்பவை. வகுக்கும் முறை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் சொல்லித்தரும் அதே முறை.

விடை சரியா என்று தேர்வறையிலேயே விரைவாகப் பார்க்க வழி உண்டா?

உண்டு. மாறிக்கு ஏதாவது ஓர் எண்ணை இட்டுப் பாருங்கள். 10 என்றால் கூட்டுவது எளிது. மேலே 2ம³ + 5ம² + 5ம + 1 ஐ 2ம − 1 ஆல் வகுத்து, ஈவு ம² + 3ம + 4 என்றும் மீதி 5 என்றும் கண்டோம். ம = 10 என்றால் வகுபடுவது 2551, வகுப்பது 19, ஈவு 134. 19 × 134 = 2546; அதோடு மீதி 5ஐக் கூட்டினால் 2551. ஈவைப் பாதியாக்க மறந்திருந்தால் 19 × 268 என்று ஐயாயிரத்தைத் தாண்டிப் போயிருக்கும். விடைத்தாளைக் கொடுக்கும் முன்பே பிழை கண்ணில் பட்டிருக்கும்.